பருப்பும் மீனும் சீனி வருத்தத்தைக் கொண்டுவருமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் டொக்டர். பெரியகல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். வயது 41. அலுவலக வேலை, நாள் முழுக்கக் கதிரைதான். உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 63 கிலோ. இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தபோது வெறுவயிற்றுச் சீனி 112, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 6.0. "இன்னும் வருத்தம் வரல்ல, கவனமா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஜிம்முக்குப் போகும் என் தம்பி, தசை கூடினால் சீனி இறங்கும் என்று பி.சி.ஏ.ஏ பவுடர் ஒரு டின் கொண்டுவந்து தந்தார். அது என்னவென்று தேடிப் பார்த்தேன். சீனி வருத்தம் வரப்போகிறவர்களின் இரத்தத்தில் அதே அமினோ அமிலங்கள்தான் கூடிக் கிடக்குமாம். பயந்துபோய் டின்னைத் திறக்கவே இல்லை. அமினோ அமிலம் புரதத்தில்தானே வருகிறது என்று மீன், முட்டை, பருப்பு, கச்சான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மீன்காரர் வாசலில் ஹோர்ன் அடித்தாலும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறேன். போன கிழமை பார்த்தால் சீனி 118. உடம்பும் ஓய்ந்துபோய்க் கிடக்கிறது. அம்மாவுக்கு இந்த வருத்தத்தால் கால்விரல் எடுத்தது. எனக்கும் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கொஞ்சம் சீனி இருந்து, பிறகு சரியாகிவிட்டது. நான் செய்வது சரியா?

பதில்:

நீங்கள் வாசித்தது பொய்யில்லை, தங்கச்சி. அதை வைத்து நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை. இந்தப் பிழையை நீங்கள் மட்டும் விடவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிலிப் ஃபெலிக் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும் உடல் பருத்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். லூசின், ஐசோலூசின், வலின், தைரோசின், பீனைல்அலனின் என்ற ஐந்து அமினோ அமிலங்களும் மெலிந்தவர்களை விட அவர்களுக்குக் கூடியிருந்தன. முதல் மூன்றையும் சேர்த்துத்தான் கிளைச்சங்கிலி அமினோ அமிலம் என்கிறோம். உங்கள் தம்பி தந்த டின்னில் இருப்பவையும் அந்த மூன்றுதான். பிறகு 2011இல் இன்னொரு முடிவு வந்தது. பொஸ்டனுக்குப் பக்கத்தில் பிரேமிங்ஹாம் என்ற ஊரின் மக்களை 1948இலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வில் சீனி சரியாக இருந்த 2,422 பேரைப் பன்னிரண்டு வருடம் கவனித்ததில் 201 பேருக்கு நீரிழிவு வந்தது. தொடக்கத்திலேயே எடுத்து உறையவைத்திருந்த இரத்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அப்படி நோய் வந்தவர்களுக்கு இதே ஐந்தும் அந்த நாளிலேயே கூடியிருந்தன. மிகக் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆபத்து, மிகக் குறைவாக இருந்தவர்களைப் போல ஐந்து மடங்கு வரை போனது.

இதை வாசித்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அந்த இரத்தம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, காலையில் வெறுவயிற்றில் எடுத்தது. முதல் நாள் சாப்பிட்ட மீனும் பருப்பும் அதற்குள் எப்போதோ செமித்து முடிந்திருக்கும். அப்படியென்றால் விடியற்காலையில் இரத்தத்தில் கூடி நின்ற அமினோ அமிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு அந்த மனிதர்களின் சொந்தத் தசையிலிருந்து வந்தது. சாப்பாடு இல்லாத நேரத்தில் உடம்பு தன் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொள்ளும். அது அளவு மீறாமல் பிடித்து வைப்பது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. இன்சுலினின் சொல் கலங்களுக்குக் கேட்காமல் போகும்போது, அதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம், அந்தப் பிடியும் தளர்கிறது.

அது வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தை உங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது எனக்குச் சுலபம். மாரி மழையில் வாவி முட்டி, படுவான்கரை வயல்கள் தாழும்போது, ஆற்றுவாயை வெட்டுங்கள் என்று கமக்காரர்கள் கேட்டு நிற்பதைக் கல்லாற்றில் பிறந்த நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். கடல் பக்கம் மணல் மேடு அடைத்துக் கிடந்தால், சாதாரண மழைக்கே வாவி ஏறும். வாய் திறந்திருந்தால் பெருமழையும் ஓடிவிடும்.

சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்களில் மற்றவற்றை ஈரலே முதலில் பிடித்து வேலை செய்துவிடும். இந்த மூன்றையும் தொடுவதற்கான முதல் நொதியம் ஈரலில் மிகக் குறைவு. அதனால் இவை ஈரலைக் கடந்து தசைக்கும் கொழுப்பு இழையத்துக்கும் போகின்றன. அங்கே முதல் படி திரும்பி வரக்கூடிய படி. இரண்டாவது படிதான் ஆற்றுவாய். கலங்களின் இழைமணிக்குள் இருக்கும் ஒரு பெரிய நொதியக் கூட்டம் இவற்றை ஒரே வழியாக எரிப்புக்குத் தள்ளிவிடும், அதற்குப் பிறகு திரும்பி வருவதில்லை. இந்த வாயை அடைக்க ஒரு நொதியமும் திறக்க இன்னொரு நொதியமும் உடம்பில் உண்டு. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு ஏறி இன்சுலின் எதிர்ப்பு வந்தவர்களில், கொழுப்பு இழையம் இந்த எரிக்கும் நொதியங்களைக் குறைவாகவே ஆக்குகிறது. ஈரலிலோ வாய் கூடிய நேரம் அடைபட்டே கிடக்கிறது. வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் மட்டம் ஏறுகிறது. நீங்கள் வாசித்த "கூடிக் கிடக்கும் அமினோ அமிலம்" இதுதான்.

அப்படியானால் அது வெறும் அறிகுறிதானா, அதுவே கேடும் செய்யுமா? நேர்மையாகச் சொன்னால் இரண்டு பக்கமும் சான்று உண்டு. பரம்பரை அலகுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் சில, இன்சுலின் எதிர்ப்பு முதலில் வந்து அது இவற்றை ஏற்றுகிறது என்று காட்டுகின்றன. 2016இல் வந்த ஒன்று, பிறவியிலேயே இவற்றை எரிக்கும் வழி மந்தமாக உள்ளவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வருகிறது என்று காட்டியது. கேடு செய்யும் வழிகளும் ஓரளவு தெரிந்தவையே. லூசின் தேங்கும்போது, கலத்துக்குள் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு சமிக்ஞை ஓயாமல் ஒலித்து, இன்சுலினின் சமிக்ஞையை மங்கச் செய்யலாம். வலின் எரியும்போது பிறக்கும் ஒரு பொருள், தசைக்குள் கொழுப்பு நுழையக் கதவைத் திறந்துவிடுகிறது. என் கணிப்பில் இது ஒன்றையொன்று தள்ளும் சுழல், தொடக்கம் பெரும்பாலும் இடுப்புக் கொழுப்பிலும் சோர்ந்த தசையிலும். உடல் எடை இறங்கும்போது இந்த அமினோ அமிலங்களும் இரத்தத்தில் இறங்குவது அதற்கு ஒத்துப்போகிறது.

எங்கள் ஆட்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. இலண்டனின் மேற்குப் பகுதியில் வாழும் தெற்காசியர்களையும் ஐரோப்பியர்களையும் ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில், தைரோசின் கூடியிருப்பது ஐரோப்பியரை விடத் தெற்காசிய ஆண்களிடம் வரப்போகும் நீரிழிவைக் கூடுதலாகச் சுட்டியது. மெலிந்த கை கால், முன் தள்ளிய வயிறு என்ற எங்கள் உடல்வாகுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

"அப்ப எனக்கும் அமினோ அமிலம் பார்க்கலாமா" என்று கேட்டுவிடாதீர்கள். அது ஆய்வுகூடங்களின் வேலை. எவ்வளவு இருந்தால் என்ன மருந்து என்று சொல்லும் எல்லைக்கோடு இன்னும் எந்தக் கிளினிக்கிலும் இல்லை. உங்கள் பணத்தை மீனுக்கு வைத்திருங்கள்.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம். மீனையும் பருப்பையும் எடுத்துவிட்டால் தட்டு வெறுமையாகவா இருக்கும்? அந்த இடத்துக்கு இன்னும் ஒரு குழல் புட்டு வந்திருக்கும், இன்னும் மூன்று இடியப்பம், பின்னேரம் பசிக்குப் பாணோ பிஸ்கட்டோ, சீனி போட்ட தேத்தண்ணியோ. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் கிளினிக்கில் நாளாந்தம் இதைத்தான் கேட்கிறேன். 112க்கும் 118க்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் தானாகவும் வரக்கூடியது, அதை மட்டும் வைத்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனாலும் உடம்பு ஓய்ந்து கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தசைக்குப் போக வேண்டியதை நிறுத்தி, சீனியாக மாறுவதைக் கூட்டியிருக்கிறீர்கள். தசையை இழப்பது உங்களுக்குக் கட்டாது. சாப்பிட்ட பிறகு இன்சுலின் இரத்தத்திலிருந்து அகற்றும் குளுக்கோஸில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் தசைதான்.

படுவான்கரைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவிடம் "நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டேன். "சோறுதான் டொக்டர், கொஞ்சம்." கையால் காட்டச் சொன்னேன். இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார். பிறகு யோசித்து, ஏந்திய கைக்கு மேலே காற்றில் ஒரு குவியலும் வைத்தார். மீன்? பெருவிரலையும் சுட்டுவிரலையும் கிட்டக் கொண்டுவந்தார். "தலைப் பக்கம் எனக்கு. நடுத்துண்டு அவருக்கும் புள்ளைகளுக்கும்." அதைச் சொல்லும்போது அவருக்கு அதில் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் பெண்களின் தட்டுக்குச் சோறும் ஆணமும் வருகின்றன, நடுத்துண்டு வருவதில்லை. நீங்கள் பயத்தில் நிறுத்தியதை எத்தனையோ பேர் வழக்கத்தால் நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் போதும். உள்ளங்கை அளவு மீன் துண்டு ஒன்றில், 100 கிராம் என்று வையுங்கள், கிட்டத்தட்ட 20 கிராம் இருக்கும். ஒரு முட்டையில் 6. அவித்த பருப்பு 100 கிராமில் 9. காலையில் புட்டைப் பாதியாக்கி அவித்த கௌபியோ கடலையோ சேர்த்தால் இன்னும் 8. எருமைத் தயிர் ஒரு சின்னக் கிண்ணம் எடுத்தால் 4, அதில் சீனியும் பாணியும் விட வேண்டாம். மிச்சத்தைச் சோறும் கீரையுமே நிரப்பிவிடும். வல்லாரையோ கங்குனோ முருங்கை இலையோ, தட்டில் பாதிக்குக் கிட்ட மரக்கறி இருக்கட்டும். சோறு ஏந்திய இரண்டு கையிலிருந்து ஒரு கைக்கு இறங்க வேண்டும். சிவப்பரிசி நல்லதுதான், ஆனால் சிவப்பரிசி என்பதற்காக இரண்டு கை சாப்பிட்டால் பயனில்லை.

இதற்கு மேல் புரதத்தை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், மாதவிடாய் நின்ற, உடல் பருத்த பெண்கள் தங்கள் எடையில் நூற்றுக்குப் பத்தைக் குறைத்தார்கள். சாதாரண அளவு புரதம் சாப்பிட்டவர்களின் தசை இன்சுலினுக்கு நன்றாக இசைந்து வந்தது. அதைவிடக் கூடுதலாகப் புரதம் எடுத்தவர்களுக்கு, எடை அதேயளவு குறைந்தும் அந்த நன்மை கிடைக்கவில்லை. ஆகவே போதிய அளவு வேண்டும், கூடுதலுக்கு அவசியமில்லை. சிறுநீரகத்தில் குறை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டே புரதத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

தம்பியின் டின்னைப் பற்றி. அந்த 100 கிராம் மீன் துண்டிலேயே இந்த மூன்று அமினோ அமிலமும் சேர்ந்து மூன்றரைக் கிராம் அளவில் உண்டு. மீனில் மிச்ச அமினோ அமிலங்கள் எல்லாம் கூட வரும், நல்ல கொழுப்பும் வரும், வயிறும் நிறையும். தசை கட்ட எல்லா அமினோ அமிலமும் வேண்டும், மூன்றை மட்டும் கொடுத்தால் மேசன்மாரை அனுப்பிவிட்டுக் கல்லை அனுப்பாத மாதிரி. அந்தப் பவுடரைக் குடித்தால் உங்களுக்கு நாளைக்கே நீரிழிவு வரும் என்று சொல்ல மாட்டேன், அதற்குச் சான்றில்லை. ஆனால் உங்கள் சீனியை அது இறக்கும் என்பதற்கும் நம்பத்தக்க சான்றில்லை. எரிக்கும் வழி ஏற்கெனவே மந்தமாக இருக்கக்கூடிய ஒருவர் அதையே தனியாக அள்ளிக் குடிப்பதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை. தம்பி சொன்னதில் பாதி சரி. தசைதான் வேண்டும். அது டின்னில் வராது.

சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ளே எடுக்கும். நடந்து முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் இன்சுலினுக்கு இசைவாக இருக்கும். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறோம். கிழமைக்கு 150 நிமிடம் வேகமான நடை, அதாவது ஐந்து நாள் அரை மணித்தியாலம். எங்கள் வெயிலுக்கு விடியவோ, பொழுது சாயும்போதோ கடற்கரைப் பக்கம் போகலாம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்கும் தேவைப்படும். அதோடு கிழமையில் இரண்டு நாள் தசைக்குப் பாரம் கொடுங்கள். கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருந்து பாருங்கள். சுவரில் கை வைத்து உடம்பைத் தள்ளுங்கள். கிணறு இருந்தால் மோட்டரை நிறுத்திவிட்டு ஒரு வாளி தண்ணீர் கையால் அள்ளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே கதிரைக்குப் போகாமல் அலுவலக விறாந்தையில் பத்து நிமிடம் நடந்தாலும் அந்த நேரத்துச் சீனி ஏற்றம் குறையும்.

இவையெல்லாம் கிழவிகளின் புத்திமதி என்று நினைக்க வேண்டாம். 2002இல் அமெரிக்காவில், நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் எடையில் நூற்றுக்கு ஏழைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிட நடையும் குறிக்கோளாக வைத்தபோது, நோய் வருவது நூற்றுக்கு 58 குறைந்தது. 2006இல் சென்னையில் எங்களைப் போன்ற உடல்வாகு உள்ள 531 பேரிடம் செய்தபோது குறைவு நூற்றுக்கு 28.5. எண் சிறிதுதான், ஆனால் அங்கே எடை பெரிதாக இறங்காமலே அந்தப் பலன் கிடைத்தது. உங்களுக்கு நூற்றுக்கு ஏழு என்றால் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் உயரத்துக்கு உடல் திணிவுச் சுட்டி 27ஐத் தாண்டியிருக்கிறது. எங்கள் இனத்தவருக்கு 23க்கு மேலேயே கவனம் தொடங்க வேண்டும். இடுப்பளவு எழுதவில்லை, அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை.

இனி, கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். எனக்கு அமினோ அமிலத்தை விட அதுதான் பெரிதாகப் பட்டது. கர்ப்ப காலத்தில் சீனி இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து, அப்படி இல்லாத பெண்ணை விட ஏழு முதல் பத்து மடங்கு. "பிறகு சரியாகிவிட்டது" என்று பிள்ளை பிறந்ததோடு அதை மறந்துவிடுகிறோம். 2002இல் வந்த அந்த அமெரிக்க ஆய்விலும் இப்படிக் கர்ப்பத்தில் சீனி இருந்த பெண்களைத் தனியாகப் பார்த்தார்கள். நடை, சாப்பாட்டு மாற்றத்தால் மட்டுமல்ல, மெட்போர்மின் குளிசையாலும் நோய் வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எண்கள் இறங்காவிட்டால், மெட்போர்மின் பற்றி உங்கள் வைத்தியரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். குளிசை தந்தால் தோற்றுவிட்டோம் என்று எடுக்க வேண்டாம்.

2005, 2006 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. போர்க்காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. அந்த வருடங்களில் உங்களைப் போன்ற எத்தனை பேர் எண்ணப்படாமல் போனார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் கனக்கிறது. நீங்கள் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள், அது நல்ல காரியம்.

அடுத்த முறை போகும்போது வெறுவயிற்றுச் சீனியோடு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பார்க்கும் சோதனையையும் கேளுங்கள். அது 140க்கும் 199க்கும் இடையில் என்றால் முந்திய நிலை, 200 தொட்டால் நீரிழிவு. உங்களுக்கு இரத்தப்போக்குக் கூடுதலா, இரும்புச்சத்துக் குறைவா என்றும் பார்க்க வேண்டும். இரும்பு குறைந்தால் எச்.பி.ஏ.1.சி உண்மையை விடக் கூட்டிக் காட்டும், உடம்பு ஓய்ந்து கிடப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் எடை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். அம்மாவின் கால்விரல் கதையையும் கர்ப்பகாலச் சீனியையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எண்களோடு எனக்கும் எழுதுங்கள்.

டின்னைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள், கோபிக்காமல். அவர் உங்கள் மேல் வைத்த அக்கறையில்தான் வாங்கிவந்தார், நடக்கப் போகும்போது கூட வரச் சொல்லுங்கள். நாளைக் காலையில் ஹோர்ன் சத்தம் கேட்டால் கேற்றடிக்குப் போய், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை நடுத்துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். உங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.